ஈட்டி பிடித்த கை... பந்து எறிந்த கதை!

திருநெல்வேலி குறுக்குத்துறை படித்துறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவர்கள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட வந்த பொடியன்களோ குளிக்க வந்த வேலையை மறந்துவிட்டு ஓட்டாஞ்சில்லு தேடுகிறார்கள். யாருடைய சில்லு தாமிரபரணித் தண்ணீரில் அதிக முறை தத்திப் போகிறது என்பதுதான் போட்டி. "ஏலேய், கைய நேரா வீசாதல, சாய்ச்சு வீசு!" என்று ஒருவன் இன்னொருவனுக்குப் பாடம் எடுக்கிறான்.

எறிவது என்பது நம் பிள்ளைகளுக்குக் கூடவே பிறந்த விளையாட்டு. மரத்து மாங்காய்க்குக் கல் எறிவார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் எறிபந்து ஆடுவார்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தின் ஓரத்தில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பார்ப்பார்கள். 2016-ல் டி.என்.பி.எல் தொடங்கியபோது, முதல் சீசனிலேயே சங்கர் நகர் மைதானத்தில் ஆட்டங்கள் நடந்தன. டிவியில் பார்த்த வெளிச்சம் நெல்லைக்குப் பக்கத்திலேயே எரிந்தது. அதன் பிறகு, "எம்பய நல்லா எறியுதான் சார், இதுல ஏதாச்சும் வழி உண்டுமா?" என்று பயிற்சியாளரிடம் கேட்கிற அம்மாக்களும் கூடிவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. ஆனால், ஒரு கதை இருக்கிறது. நன்றாக எறிகிற கையை மட்டும் நம்பி, பெயர்கூடக் கேட்டிராத ஒரு விளையாட்டுக்குள் நுழைந்து, அமெரிக்கா வரை போன ஓர் இளைஞரின் கதை. அவர் பெயர் ரிங்கு சிங். ஐ.பி.எல்-லில் கடைசி ஓவரில் சிக்ஸர் அடிக்கிறாரே, அந்த ரிங்கு சிங் அல்ல. இவர் வேறு.

ஒற்றை அறை, ஒன்பது பிள்ளைகள்

உத்தரப்பிரதேசத்தில் வாரணாசிக்குப் பக்கத்தில் பதோகி மாவட்டம். நம் பத்தமடைக்குப் பாய் எப்படியோ, பதோகிக்குக் கம்பளம் அப்படி. அந்த மாவட்டத்தில் கோபிகஞ்ச் பக்கத்தில் ஒரு கிராமத்தில், 1988 ஆகஸ்ட் 8-ம் தேதி பிறந்தவர் ரிங்கு. அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். வீடோ ஒற்றை அறை.

நல்ல உயரம், நீளமான கை. பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதலுக்குப் போனார் ரிங்கு. தேசிய அளவில் ஜூனியர் பிரிவில் பதக்கமும் வாங்கினார். இன்றைக்கு ஈட்டி என்றால் நீரஜ் சோப்ரா நினைவுக்கு வருகிறார். 2021-ல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து அவர் தங்கம் வென்ற பிறகு, ஊரெல்லாம் பிள்ளைகள் ஈட்டியைத் தேடிப் போனார்கள். ஆனால், ரிங்கு எறிந்த காலத்தில் ஈட்டி சோறு போடும் என்று யாரும் நம்பவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் கணக்கு.

அந்த நேரத்தில்தான், 2008-ல், இந்தியாவில் ஒரு விசித்திரமான போட்டி அறிவிக்கப்பட்டது.

பத்து லட்சம் டாலர் கை

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் ஓர் அமெரிக்கர். விளையாட்டு வீரர்களுக்கு ஒப்பந்தம் பேசி முடிக்கும் ஏஜென்ட். நூறு கோடிக்கும் அதிகமான மக்கள், எங்கு பார்த்தாலும் கிரிக்கெட், வேகமாகப் பந்து வீசும் கைகள் எத்தனை இருக்கும் என்று அவர் யோசித்தார். அவற்றில் ஒன்றிரண்டு பேஸ்பாலுக்குக் கிடைத்தால்? 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற டிவி போட்டி அப்படித்தான் பிறந்தது. 'பத்து லட்சம் டாலர் கை' என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம்.

விதி எளிது. பேஸ்பாலைக் கையில் கொடுப்பார்கள். குறி தவறாமல் எறிய வேண்டும், வேகமாகவும் எறிய வேண்டும். வேகத்தை ஒரு கருவி அளக்கும். ஊர் ஊராக நடந்த இந்தத் தேர்வில் 37,000-க்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள்.

ரிங்குவுக்கும், வாரணாசிப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு ஈட்டி வீரரான தினேஷ் படேலுக்கும் அதுவரை பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால், எறியத் தெரியும். இடது கைக்காரரான ரிங்கு எறிந்த பந்து மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் போனது. போட்டியின் வெற்றியாளர் அவர்தான். பெயரில் இருந்த பத்து லட்சம் டாலரை யாராலும் தொட முடியவில்லை. முதலிடத்துக்கு ஒரு லட்சம் டாலர் கிடைத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். ஒற்றை அறை வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

பரிசை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் கதை அங்கேயே சுபம். ஆனால், ரிங்குவும் தினேஷும் பெர்ன்ஸ்டீனோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானம் ஏறினார்கள்.

பவுலரும் பிட்ச்சரும்

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் பவுலர் எப்படியோ, பேஸ்பாலில் பிட்ச்சர் அப்படி. ஆட்டத்தின் கடிவாளம் அவர் கையில்தான். ஆனால், இருவரின் வேலையும் ஒன்றல்ல.

பவுலர் ஓடி வந்து வீசுகிறார். பிட்ச்சர் ஒரு சின்ன மேட்டில் நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். பவுலர் முழங்கையை மடக்கி எறிந்தால் நோ பால். நீட்டும்போது 15 டிகிரி வரைதான் அனுமதி. பிட்ச்சருக்கு அந்தத் தடையே இல்லை. முழங்கையை நன்றாக மடக்கிச் சாட்டை போலச் சொடுக்கலாம். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும்பும். பேஸ்பாலில் தரையைத் தொடாமல் நேராகப் போய்ச் சேர வேண்டும். இடைப்பட்ட தூரம் 60 அடி 6 அங்குலம். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்குள் அதைக் கடந்துவிடும். அடிப்பதா, விடுவதா என்று பேட்டர் அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

வேகம் மட்டும் இருந்தால் அடித்து நொறுக்கிவிடுவார்கள். காற்றிலேயே வளைகிற பந்து, கடைசி நேரத்தில் இறங்குகிற பந்து, வேகம் குறைத்து ஏமாற்றுகிற பந்து என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் இதை ஆறு, ஏழு வயதிலிருந்து பழகுகிறார்கள். ரிங்குவும் தினேஷும் கற்கத் தொடங்கியபோது அவர்களுக்கு இருபதை ஒட்டிய வயது.

கற்றுக்கொடுத்தவர் டாம் ஹவுஸ். முன்னாள் பிட்ச்சர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். எறிகிற உடலை அறிவியல் கண்ணோடு பார்த்த முன்னோடிப் பயிற்சியாளர்களில் ஒருவர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மைதானத்தில் காலையும் மாலையும் பயிற்சி நடந்தது. பந்தைப் பிடிக்கக் கையுறையை எந்தக் கையில் மாட்டுவது என்பதிலிருந்து பாடம் ஆரம்பம். கூடவே ஆங்கிலமும் கற்க வேண்டும். அதற்கு டிவியும் ஒரு வாத்தியார்.

அந்த ஆண்டு நவம்பரில் பேஸ்பால் அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் இருவரும் எறிந்து காட்டினார்கள். 2008 நவம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணி ஒன்றோடு ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்கள்தான். பந்தைத் தொட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

சினிமா முடிந்த இடம்

இந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் படமாக எடுத்தது. 2014 மே மாதம் வெளியான 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்துக்கு இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான். ரிங்குவாக நடித்தவர் 'லைஃப் ஆஃப் பை' படத்தில் புலியோடு படகில் போன சூரஜ் சர்மா. ஒப்பந்தம் கிடைக்கிறது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், படம் முடிகிறது.

நிஜ வாழ்க்கையில் அங்கேதான் கதை தொடங்குகிறது.

ஒப்பந்தம் கிடைத்தால் நேராக டிவியில் காட்டும் பெரிய ஆட்டத்துக்குப் போய்விட முடியாது. மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள். ரூக்கி, லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறி, அதற்கு மேல்தான் மேஜர் லீக். சம்பளம் குறைவு. ராத்திரி பஸ் பயணம் அதிகம். கூடவே ஆடுகிற நண்பன்தான் போட்டியாளனும். பெரும்பாலானோர் உச்சிப் படியைப் பார்க்காமலேயே வீடு திரும்புகிறார்கள்.

2009 ஜூலை 4-ம் தேதி, ஃபுளோரிடாவில் ரூக்கி அணிக்காக ரிங்குவும் தினேஷும் முதல் முறையாகக் களம் இறங்கினார்கள். ஜூலை 13 அன்று ஓர் ஆட்டத்தின் வெற்றி ரிங்குவின் கணக்கில் எழுதப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றி கண்ட முதல் இந்தியக் குடிமகன் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

ஆனால், அந்த முதல் சீசனின் கணக்கு அவ்வளவு அழகாக இல்லை. 11 ஆட்டங்களில் 1 வெற்றி, 2 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று பிட்ச்சரை அளப்பார்கள். குறைவாக இருந்தால் நல்லது. ரிங்குவுக்கு அது 5.84. மறு வருடம் அதே எண் 2.61 ஆனது. ஒரே வருடத்தில் பாதிக்கும் கீழே! இந்த முன்னேற்றம் படத்தில் இல்லை. ஆனால், படத்தில் வரும் எதையும்விட இதுதான் பெரிய சாதனை.

நண்பன் போன பிறகு

அந்த 2010 டிசம்பரில் பைரேட்ஸ் அணி தினேஷை விடுவித்தது. அவர் இந்தியா திரும்பி மறுபடியும் ஈட்டியைக் கையில் எடுத்தார். ஒன்றாக விமானம் ஏறியவர்கள், ஒன்றாக ஆங்கிலம் கற்றவர்கள். இப்போது அணியில் ஹிந்தி பேச ஆள் கிடையாது.

ரிங்கு தங்கினார். 2011-ல் டொமினிகன் குடியரசு, பிறகு பென்சில்வேனியா, பிறகு வெஸ்ட் வர்ஜீனியா என்று ஒரே வருடத்தில் மூன்று இடங்களில் ஆடி லோ ஏ படிக்கு ஏறினார். அமெரிக்காவில் பனிக்காலம் வந்தால் ஆட்டம் கிடையாது. மற்றவர்கள் வீட்டுக்குப் போகும் அந்த மாதங்களில் ரிங்கு ஆஸ்திரேலியா போய் கான்பெரா கேவல்ரி அணிக்காக ஆடினார்.

கான்பெரா என்றதும் நமக்கு வேறொருவர் நினைவு வரும். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். அவரும் இடது கை. நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பர் 2-ம் தேதி அதே கான்பெரா நகரத்தில்தான் இந்திய அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஆட்டம் வேறு, காலம் வேறு. ஆனால், வசதியில்லாத வீட்டிலிருந்து எறிகிற கையை மட்டும் நம்பிப் புறப்பட்ட இருவரும் கடல் கடந்து ஒரே ஊரில் பந்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

2012 ரிங்குவின் சிறந்த ஆண்டு. வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக முழு சீசனும் ஆடினார். 39 ஆட்டங்கள், 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக் அவுட். சராசரி 3.00. வெற்றி 3, தோல்வி 1. இப்போது அவர் டிவி போட்டியில் ஜெயித்த வேடிக்கை மனிதர் அல்ல. முழுமையான பிட்ச்சர். அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தது.

முழங்கை சொன்ன பதில்

அப்போதுதான் கை மறுத்தது.

முழங்கையின் உள்பக்கத்தில், மேல்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் கட்டிப் பிடிக்கிற ஒரு சின்ன நார் இருக்கிறது. லிகமென்ட் என்பார்கள். பிட்ச்சர் கையைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நார் இழுபடுகிறது. ஆயிரக்கணக்கான முறை இழுத்தால் ஒருநாள் கிழிகிறது.

1974 வரை இந்த நார் கிழிந்தால் பிட்ச்சரின் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம். அந்த ஆண்டு டாமி ஜான் என்ற இடது கை பிட்ச்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதுமையான அறுவை சிகிச்சை ஒன்றைச் செய்தார். அவருடைய இன்னொரு கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, கிழிந்த நாருக்குப் பதிலாகப் பொருத்தினார். டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து, 1989 வரை ஆடினார்! அந்த அறுவை சிகிச்சைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டுவிட்டது. தேறி வந்து மறுபடி ஆட்டத்தில் எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ரிங்குவுக்கும் அதே டாமி ஜான் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. காயத்தால் 2013 போயிற்று. 2014-ம் போயிற்று. உலகமெங்கும் தியேட்டர்களில் திரையில் ஒரு ரிங்கு பந்து எறிந்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது, நிஜ ரிங்கு எறிய முடியாத கையோடு இருந்தார். 2015-லும் ஆட முடியவில்லை. 2012 சீசனே அவரது கடைசி முழு சீசனாக அமைந்துவிட்டது. மேஜர் லீக் மைதானத்தில் ஒரு பந்துகூட எறியாமல் அவரது பேஸ்பால் வாழ்க்கை முடிந்தது.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்திராட்சம், நீண்ட தலைமுடி என்று 'வீர் மஹான்' ஆக மேடை ஏறினார். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர்தான் தெரிந்திருக்கும். 2024 ஏப்ரலில் அந்த நிறுவனமும் அவரை விடுவித்தது.

இது வெற்றியா, தோல்வியா?

மேஜர் லீக்தான் இலக்கு என்றால், ரிங்கு இலக்கை அடையவில்லை. ஒற்றை அறை வீடுதான் தொடக்கம் என்றால், அவர் கடந்த தூரம் கணக்கில் அடங்காது. இரண்டுமே உண்மை. பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் நம் நாட்டுப் பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளின் பட்டியலில் இருக்கின்றன. ஈட்டி எறிதல் மாவட்டத் தடகளப் போட்டி தவறாமல் இருக்கிறது. நன்றாக எறிகிற பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, கையைக் காப்பது. பிள்ளைகள் ஆட்டத்தில் எத்தனை பந்து எறியலாம் என்று அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் ஓர் அளவு வகுத்திருக்கின்றன. 9, 10 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் அதிகபட்சம் 75 பந்து. 11, 12 வயதுக்கு 85. 13, 14 வயதுக்கு 95. 14 வயது வரை உள்ள பிள்ளை ஒரே நாளில் 66 பந்துக்கு மேல் எறிந்துவிட்டால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். கை வலித்தால் எண்ணிக்கை பார்க்காமல் உடனே நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் யார் எண்ணுகிறார்கள்? காலையில் கோச்சிங்கில் ஐம்பது பந்து, பள்ளி விட்டதும் மைதானத்தில் ஐம்பது, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் நாள் முழுக்க. "கை வலிக்கும்மா" என்றால், "தைலம் தேச்சா சரியாப் போவும்" என்று சொல்லி மறுநாளும் அனுப்பிவிடுகிறோம். கிரிக்கெட் பவுலருக்கு முழங்கையைவிட முதுகும் தோளும் முழங்காலும்தான் அதிகம் அடிபடும். நடராஜனே 2021-ல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்தான். எறிகிற உடல் எதுவானாலும் ஓய்வு கேட்கும். வளர்கிற பிள்ளையின் எலும்பும் நாரும் பெரியவர்களுடையதைப் போல உறுதியாக இருப்பதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தைலத்தோடு விட்டுவிடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை மைதானத்திலிருந்து திரும்பும்போது, "எத்தனை விக்கெட் எடுத்தே?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு எத்தனை பந்து போட்டே? கை எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

குறுக்குத்துறையில் சில்லு விடுகிற பொடியனை மட்டும் எண்ணத் தேவையில்லை. கை வலித்தால் அவனே ஆற்றில் குதித்துவிடுவான்!